பாக் விரிகுடாவில் கடற்பசு: ஊர் மக்களை எங்கிருந்து அழைக்கத் தொடங்குவது?

கேள்வி – கரையோர ஆசிரியர்

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டக் கடற்கரையில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தையும் நானே கவனித்துக்கொள்கிறேன். எங்கள் ஊரை ஒட்டிய பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசுவுக்கென்று இந்தியாவில் அறிவிக்கப்பட்ட முதல் பாதுகாப்பகம் இதுதான். நாட்டின் கடல்கள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 240 கடற்பசுக்களே எஞ்சியிருக்கலாம் என்றும், அவற்றில் பெரும்பகுதி நம் கடலில்தான் வாழ்கிறது என்றும் அப்போது அரசின் மதிப்பீடு கூறியது.

மே 28 உலகக் கடற்பசு நாள். அது கோடை விடுமுறையில் வந்துவிடுவதால், பள்ளி திறந்த பின் ஜூன் மாதத்தில் நாங்கள் ஒரு பேரணி நடத்தினோம். மாணவர்கள் பதாகைகள் எழுதினார்கள், மீனவர் தெருக்களின் வழியே முழக்கமிட்டபடி நடந்தார்கள், படங்கள் எடுத்தோம், எல்லாம் நன்றாகவே நடந்ததாக நினைத்தேன். இரண்டு நாள் கழித்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "கடற்பசுவைக் கொல்லாதீர்கள் என்று எங்கள் தெருவிலேயே கத்திக்கொண்டு போனோம், ஐயா. அப்பா வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்" என்றாள். அந்த மனிதர் உள்ளே எழுந்து போனது என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

பொதுமக்கள் பங்கேற்பு என்று எல்லா அறிக்கைகளிலும் எழுதுகிறோம். ஆனால் எங்கள் பேரணியில் பங்கேற்றவர்கள் யார், குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இந்த விலங்கைக் காப்பதில் கரையோர மக்களைக் கேட்போராக நிறுத்தாமல் உண்மையான பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ள ஒரு பள்ளி என்ன செய்ய முடியும்? எங்கிருந்து தொடங்குவது? களத்தில் பட்டறிவு உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1 – நெய்தல் நாடி

ஆசிரியருக்கு வணக்கம். பாதுகாப்புப் பணிகளில் தன்னார்வலராகச் சில ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில், குசராத்துக் கடற்கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு அதில் ஒரு பாதி விடையாவது இருக்கிறது.

அங்கே மீனவர்கள் திமிங்கிலச் சுறாவை அதன் ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் நெடுங்காலம் பிடித்து வந்தார்கள். படகின் மரம் நீரை உறிஞ்சாதிருக்க அந்த எண்ணெயைப் பூசுவது வழக்கம். 2001இல் அந்தச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சட்டம் வந்ததே பல ஊர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த இடங்களிலும் அது வெளியாரின் ஆணையாகத்தான் பார்க்கப்பட்டது. 2004இல் மாநில வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் பிறரும் சேர்ந்து ஒரு பரப்புரையைத் தொடங்கினார்கள். மக்கள் மதிக்கும் கதைசொல்லியான மொராரி பாபு, இந்தச் சுறா நம் கடலுக்கு வருவது பிள்ளைப்பேற்றுக்காகப் பிறந்த வீட்டுக்கு வரும் மகளைப் போல என்று பேசினார். 'அன்புக்குரியவள்' என்னும் பொருளுடைய ஒரு குசராத்திச் சொல்லையே அதற்குப் பெயராக்கினார்கள். தாய்வீட்டுக்கு வந்த பெண்ணை யார் கொல்வார்கள்?

பேச்சோடு அவர்கள் நிறுத்தவில்லை என்பதுதான் முக்கியம். சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு அந்த வலையின் இழப்பை மாநில அரசு ஈடுகட்டியது. அதிகாரி வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம், மீனவரே கேமராவில் எடுக்கும் படம் சான்றாகப் போதும் என்று பின்னர் விதியையும் எளிதாக்கினார்கள். அந்தக் கடற்கரையில் இதுவரை 900க்கும் மேற்பட்ட சுறாக்களை மீனவர்களே விடுவித்திருக்கிறார்கள்.

ஆகவே என் பரிந்துரை இது: உங்கள் ஊரில் கடற்பசுவுக்கு வழங்கும் பெயர்களையும் கதைகளையும் முதலில் சேகரியுங்கள். ஆவுளியா என்று சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது மேயும் கடற்புல் படுகைகள்தாம் நண்டுக்கும் இறாலுக்கும் ஓரா மீனுக்கும் நாற்றங்கால் என்பது மீனவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். எனவே புல்லைக் காப்பதும் பிழைப்பைக் காப்பதும் வேறு வேறல்ல என்ற இடத்திலிருந்து உரையாடலைத் தொடங்கலாம். அதனோடு, விலங்கை விடுவிப்பவருக்குப் பரிசும் பாராட்டும் கிடைக்க வழி செய்யுங்கள். நம் வனத்துறையும் கடற்பசுவை விடுவித்த மீனவர்களை அழைத்துப் பாராட்டிப் பணமுடிப்பு வழங்கி வருகிறது.

மறுமொழி 2 – மூன்று தலைமுறை வத்தைக்காரர்

ஆசிரியர் அவர்களுக்கும் தங்கைக்கும் வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டக் கரையில் நாட்டுப்படகில் தொழில் செய்பவன். தங்கை சொன்ன குசராத்துச் செய்தி நல்ல செய்தி. ஆனால் அதை அப்படியே எடுத்து எங்கள் கடலில் போட முடியாது என்பதை விளக்க விரும்புகிறேன். இதை விளக்காமல் விட்டால், நாளைக்கு 'இவ்வளவு பரிசு கொடுத்தும் மீனவன் விடுவிக்கவில்லை' என்ற பழி எங்கள் மேல்தான் விழும்.

திமிங்கிலச் சுறா ஒரு மீன். அது தண்ணீருக்குள்ளேயே செவுளால் மூச்சு விடுகிறது. அதனால் வலையில் மாட்டிய பிறகும் மீனவன் வந்து அறுத்துவிட அவகாசம் கிடைக்கிறது. கடற்பசுவோ நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அது மேலே வந்து மூக்கை நீட்டியாக வேண்டும். வலையில் சுற்றிக்கொண்டு மேலே வர முடியாமல் போனால், அந்தச் சில நிமிடங்களிலேயே அதன் கதை முடிந்துவிடுகிறது. செய்தித்தாளில் நீங்கள் பார்க்கும் 'மீனவர்கள் விடுவித்த கடற்பசு' பெரும்பாலும் கரைவலையில் வந்ததாகவோ, ஆள் பக்கத்தில் இருக்கும்போது வலையில் பட்டதாகவோ இருக்கும். கரைவலையை நாங்கள் கையால் இழுத்துக் கரைக்குக் கொண்டுவருகிறோம். மடி முழுதும் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதில்லை. உள்ளே இருப்பது உயிரோடு இருக்கும், அதைத் திருப்பி விடுவதும் எளிது. நாங்களும் விட்டிருக்கிறோம். யாரும் பார்க்காத நாளிலும் விட்டிருக்கிறோம்.

திருக்கை வலை அப்படிப்பட்டதல்ல. அகன்ற கண்ணுடைய அந்த வலையை மாலையில் தரையோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, விடிந்த பிறகு போய் வாங்குகிறோம். இரவில் அதில் ஒரு கடற்பசு பட்டால், காலையில் நாங்கள் பார்ப்பது உடலைத்தான். அங்கே எந்தப் பரிசுத் தொகையாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் விடுவிப்பதற்கு உயிர் இல்லை. ஆகவே எங்களைப் பொறுத்தவரை கேள்வி, சிக்கியதை விடுவிப்பாயா என்பதைவிட, எந்த வலையை எந்த இடத்தில் எந்தக் காலத்தில் இறக்கலாம் என்பதுதான். அடர்ந்த புல் உள்ள இடங்களில் தரைவலையை இரவு முழுக்க விட்டுவைக்காமல் இருக்கலாமா, வேறு இடத்துக்கு மாற்றினால் வரும்படி எவ்வளவு குறையும், அந்தக் குறைவை யார் தாங்குவது என்பதையெல்லாம் ஒரு தனி மீனவன் முடிவு செய்ய முடியாது. நான் ஒருவன் வலையை எடுத்துவிட்டால் அடுத்த ஊர்க்காரர் அந்த இடத்தில் போடுவார். பக்கத்து ஊர்களையும் சேர்த்து ஊர்க்கூட்டம் பேசி முடிவெடுத்தால்தான் அது நிற்கும். எங்கள் கரையில் ஊர்க்கூட்டத்தின் முடிவுக்கு இருக்கிற மதிப்பு எந்தப் பதாகைக்கும் கிடையாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டப்படி விசைப்படகுகள் கரையை ஒட்டிய கடலில் இழுவை மடி போடக் கூடாது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கு அனுமதியே கிடையாது. இருந்தும் அவை வருகின்றன. புல்லை வேரோடு வழித்துச் சேறாக்கிவிட்டுப் போகின்றன. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிற நாட்டுப்படகு மீனவனின் வாசலில் வந்து 'கடற்பசுவைக் கொல்லாதே' என்று பிள்ளைகள் கத்தினால், அவன் என்ன பதில் சொல்வான்? அந்தப் பெண்ணின் தகப்பனார் எழுந்து உள்ளே போனதற்குக் கோபம் மட்டும் காரணமாக இருக்காது, ஐயா. தன் மகள் முன்னாலேயே தன்னைக் குற்றவாளியாக நிறுத்தியதை அவரால் தாங்க முடியவில்லை.

எங்களைப் பள்ளிக்கூட அரங்கத்துக்குக் கூப்பிட்டு வரிசையாக உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டாதீர்கள். நீங்கள் கரைக்கு வாருங்கள். காலையில் நண்டு வலை வந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து நண்டு கழிக்கிறோம், அதாவது வலையிலிருந்து நண்டைப் பிரித்தெடுக்கிறோம்; பெண்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். வலையில் எது வந்தது, எது வரவில்லை என்பதற்கு அவர்களைவிடச் சரியான கணக்கு வைத்திருப்பவர்கள் கிடையாது. இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் அவர்களை யாரும் அழைத்ததில்லை.

கரையோர ஆசிரியர்

ஐயா, உங்கள் பதிலை நேற்றிரவு மூன்று முறை படித்தேன். இன்று காலை அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். பேரணிக்காக வருத்தம் தெரிவித்தேன். அவர் நெடுநேரம் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாமாகவே பேசத் தொடங்கினார்.

சில ஆண்டுகளுக்கு முன் தம் வலையில் இறந்த நிலையில் ஒரு கடற்பசு வந்ததாகவும், அதன் அருகிலேயே ஒரு குட்டி சுற்றிச் சுற்றி வந்ததாகவும் சொன்னார். யாரிடம் சொல்வது, சொன்னால் வழக்குப் போட்டுப் படகைப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று அஞ்சி, உடலைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். "அந்தக் குட்டியைப் பற்றி என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை" என்றார். நான் பேச்சற்றுப் போனேன். அவருடைய இசைவுடன்தான் இதை இங்கே எழுதுகிறேன். ஊரையோ ஆண்டையோ குறிப்பிடவில்லை.

எனக்கு இப்போது இரண்டு ஐயங்கள். இறந்த விலங்கைப் பற்றித் தெரிவிக்கும் மீனவருக்குச் சட்டம் என்ன பாதுகாப்பு அளிக்கிறது? மாணவர்களைக் கொண்டு கடற்பசுக்களைக் கணக்கெடுக்க முடியுமா? அவர்கள் மிகுந்த ஆர்வத்தோடு இருக்கிறார்கள்; பேரணி தவறாகப் போயிற்று என்பதற்காக அந்த ஆர்வத்தை அணைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 3 – ஓய்வுபெற்ற வனச்சரகப் பணியாளர்

முதல் ஐயத்துக்கு எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதுகிறேன்.

கடற்பசு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளது. அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. 'வேட்டை' என்பதற்குச் சட்டம் தரும் வரையறையில் கொல்வது, பிடிப்பது, வலையிலோ பொறியிலோ சிக்க வைப்பது, அவற்றுக்கு முயல்வது ஆகிய எல்லாம் அடங்கும். ஒரு மீனவர் இதைப் படித்தால் அஞ்சுவது இயல்பே.

ஆனால் அதே சட்டத்தின் 39ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இறந்து கிடந்த விலங்கையும், தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கையும் அந்தப் பிரிவு அரசின் உடைமை என்கிறது. அப்படிப்பட்ட ஒன்று தம் வசம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தவறுதலாக உயிர் போகும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்தே இருக்கிறார்கள், அப்போது செய்ய வேண்டியதையும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். எனவே தெரிவிப்பவர் சட்டத்தை மீறவில்லை, சட்டம் கேட்டதைச் செய்கிறார். ஆயினும் இந்த வரி கரையில் யாருக்கும் தெரியாது. என் பணிக்காலத்தில் நாங்களும் அதை எடுத்துச் சொல்லவில்லை. இறைச்சியைப் பற்றிய எச்சரிக்கைகளையும் தண்டனையையும்தான் திரும்பத் திரும்பப் பேசினோம். உடல் கிடைத்தால் அதன் வயது, வயிற்றில் இருந்த உணவு, இறப்பின் காரணம் என்று எவ்வளவோ அறிந்திருக்கலாம். அச்சத்தின் காரணமாக அவை அனைத்தும் கடலோடு போய்விட்டன. இன்று நினைத்தாலும் எனக்கு மனம் கனக்கிறது.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடற்பரப்பு தேசியப் பூங்காவோ சரணாலயமோ அல்ல. அது பாதுகாப்பு ஒதுக்ககம் என்ற வகையைச் சேர்ந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 36அ பிரிவின்படி, உள்ளூர் மக்களுடன் கலந்து பேசிய பின்னரே இத்தகைய ஒதுக்ககத்தை அரசு அறிவிக்க முடியும். அடுத்த பிரிவு, அதை நிருவகிப்பதில் அரசுக்கு ஆலோசனை கூற ஒரு குழு அமைக்கச் சொல்கிறது. அந்தக் குழுவில் எந்தெந்த ஊராட்சிகளின் எல்லையில் ஒதுக்ககம் அமைந்துள்ளதோ அவை ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினர் இடம் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள தொண்டு அமைப்புகளுக்கு மூன்று இடங்கள், வேளாண்மைத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் ஒவ்வோர் இடம், வனத்துறை அலுவலர் உறுப்பினர் செயலர்.

நிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவு என்பது படித்தவுடனே புலப்படும். மீன்வளத் துறையோ மீனவர் சங்கமோ அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. கடலுக்குள் ஓர் ஒதுக்ககம் வரும்போது இந்தக் குறையை மீனவர்கள்தாம் சுட்டிக்காட்ட வேண்டும். அதற்கான வாயில் ஊராட்சியின் இடமே. உங்கள் ஊராட்சியின் சார்பில் அந்த இடத்தில் அமர்வது யார் என்று கேளுங்கள். கடல் தொழில் தெரிந்த ஒருவர், முடிந்தால் வத்தைக்காரர் சொன்ன நண்டு கழிக்கும் பெண்களில் ஒருவர், அங்கே அமர வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். இறந்த விலங்கைத் தெரிவிக்கும் மீனவரை எப்படி நடத்துவது என்ற எழுத்து வடிவிலான நடைமுறையையும் அந்தக் குழுவின் வழியாகவே கேட்டுப் பெறலாம். வாய்மொழி உறுதியை நம்பி யாரும் முன்வர மாட்டார்கள். அலுவலர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

மறுமொழி 4 – கடற்புல் ஆய்வு மாணவி

இரண்டாவது ஐயத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். கடற்பசுக்களை எண்ணும் வேலையை மாணவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அது மூக்கு நுனியை மட்டும் நீருக்கு மேலே நீட்டி, ஓரிரு நொடிகளில் மீண்டும் அமிழ்ந்துவிடும். கலங்கிய பாக் விரிகுடாவில் பழகிய கண்களுக்கே அகப்படாது. முதுகில் துடுப்பு தெரிந்தால் அது ஓங்கில் (டால்பின்), கடற்பசுவுக்கு முதுகுத் துடுப்பு இல்லை என்ற வேறுபாட்டைக்கூட அலைக்கு நடுவே உறுதி செய்வது கடினம். எண்ணிக்கை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அது செய்தியாகிவிடும். பிறகு அதைத் திருத்தவே முடியாது.

மாணவர்களால் செய்யக் கூடிய, பெரிய ஆய்வு நிறுவனங்களாலும் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கிறது: தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவது.

இதன் மதிப்பை உணர்த்த ஒரு துயரமான எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். சீனாவின் தென்கடல் பகுதியிலும் ஒரு காலத்தில் கடற்பசுக்கள் வாழ்ந்தன. அவற்றின் நிலையை அறிய ஆய்வாளர்கள் கரையோர ஊர்களில் 788 மீனவர்களை நேரில் கண்டு பேசினார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் கடற்பசுவைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் அவர்களில் 3 பேர் மட்டுமே. அந்த விலங்கு சீனக் கடலில் செயலளவில் அற்றுப்போய்விட்டது என்று 2022இல் அறிவித்தார்கள். விலங்கு போய்விட்டது என்பதை உறுதி செய்யவே அங்கே மீனவர்களின் நினைவு பயன்பட்டது. நம் கடலில் அது இன்னும் இருக்கும்போதே அந்த நினைவைக் கேட்டுப் பதிவு செய்யும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. உங்கள் தாத்தா எந்த இடத்தில் பார்த்தார், வாடைக் காற்றிலா கச்சான் காற்றிலா, தனியாகவா குட்டியோடா, அப்போது அங்கே புல் எப்படி இருந்தது, எந்த வலை புழக்கத்தில் இருந்தது என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பக்கமாவது கிடைக்கும். மாணவர்கள் கற்பிப்பவர்களாக அன்றி, கேட்பவர்களாகத் தெருவுக்குள் போவார்கள்.

வற்றுக் காலத்தில் ஆழம் குறைந்த இடங்களில், கடற்பசு மேய்ந்த தடங்களைப் பெரியவர்களின் துணையுடன் பார்க்கவும் முடியும். ஏறத்தாழ ஒரு சாண் அகலத்தில், புல் வேரோடு எடுக்கப்பட்டு, வளைந்து வளைந்து போகும் வெறும் மணல் கோடு அது. ஒருமுறை காட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். கடற்பசுவையோ மேய்ச்சல் தடத்தையோ கண்ட இடத்தை வலைத்தளங்களில் போட வேண்டாம். படம் பரவினால் அடுத்த வாரமே அதைத் துரத்திப் படம் எடுக்கப் படகுகள் வரும். படகின் இரைச்சலில் தாயும் குட்டியும் பிரிந்துபோக நேரிடும். இடக்குறிப்பு ஊரிலும் வனத்துறையிடமும் இருந்தால் போதும்.

வத்தைக்காரர் ஐயா தரைவலையைப் பற்றி எழுதியது எவ்வளவு முக்கியமானது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடற்பசு எழுபது ஆண்டுவரை வாழக் கூடியது. ஆனால் பெண் விலங்கு 13 முதல் 14 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 ஆண்டு ஆகும். மிகச் சாதகமான நிலையிலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் பெருகாது. இருநூற்றுச் சொச்சமே உள்ள ஓர் இனத்தில், ஆண்டுதோறும் சில வளர்ந்த பெண் விலங்குகள் வலையில் இறந்தாலும் அது குறைந்துகொண்டேதான் போகும். கரைவலையில் வருவதை விடுவிப்பது மிக நல்ல செயல். எனினும் இனம் பிழைப்பது இரவில் கிடக்கும் தரைவலையைப் பற்றி ஊர்கள் எடுக்கும் முடிவில்தான் இருக்கிறது.

மறுமொழி 5 – நெய்தல் நாடி

வத்தைக்காரர் அண்ணனுக்கு நன்றி. பரிசைப் பற்றி எழுதும்போது மீனுக்கும் கடற்பசுவுக்கும் உள்ள இந்த அடிப்படை வேறுபாட்டை நான் எண்ணிப் பார்க்கவில்லை. வலைக்கு ஈடு என்ற கருத்தை மட்டும் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விடுவித்தவருக்குத் தருவதைவிட, புல்படுகையிலிருந்து வலையை ஊர் முடிவுப்படி விலக்கிக்கொண்டவர்களின் வரும்படிக் குறைவுக்குத் தருவதாக அதை மாற்றிக் கேட்கலாம்.

ஊரே தனக்கு விதி வகுத்துக்கொள்வது நடக்காத காரியம் அல்ல. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள், எந்த நாட்களில் எடுப்பது, எப்போது நிறுத்துவது, எந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்று தாங்களே பேசி வகுத்துக்கொண்டார்கள். அவர்களுள் பாம்பன் அருகே உள்ள சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒருவருக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான சீக்காலஜி பரிசு வழங்கப்பட்டது. அங்கேயும் முதலில் இருந்தது வனத்துறையோடு மோதலும் அச்சமும்தான்.

மறுமொழி 6 – மூன்று தலைமுறை வத்தைக்காரர்

ஆசிரியர் ஐயாவுக்கு. அந்தத் தகப்பனாரிடம் நீங்கள் நேரில் போனது பெரிய காரியம். 39ஆம் பிரிவைப் பற்றி எழுதியவருக்கும் நன்றி. இத்தனை காலம் தொழில் செய்தும் எனக்கு அது தெரியாது. அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எங்கள் சங்கக் கட்டடத்தில் ஒட்டப் போகிறேன்.

எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் பேசிவிட்டேன். அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு உங்களை வரச் சொல்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே தரைவலையைப் பற்றி முடிவு கேட்காதீர்கள், அது வராது. இழுவை மடிக்காரர்கள் கரையோரக் கடலுக்குள் வருவதைப் பற்றி ஊர் நிறையப் பேசும். அதைக் குறுக்கிடாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் குறையை நீங்கள் ஏட்டில் ஏற்றினீர்கள் என்று தெரிந்தால், அடுத்த கூட்டத்தில் வலையைப் பற்றி நாங்களே பேச்செடுப்போம். பெண்கள் வருவதற்கு வசதியாக நேரத்தை நண்டு கழித்து முடிந்த பிறகு வைத்திருக்கிறோம்.

அந்த மாணவியின் தகப்பனாரையும் அழைத்து வாருங்கள். குட்டியைப் பற்றி அவர் பேச விரும்பினால் பேசட்டும். விரும்பாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

கணினியில் எடுத்த வரைபடம் எதுவும் வேண்டாம். அகலமான வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும். எந்த இடத்தில் புல் அடர்த்தி, எந்த இடத்தில் மடி வழித்த சேறு, ஆவுளியா எங்கே மூக்கு நீட்டும் என்பதையெல்லாம் எங்கள் பெரியவர்கள் வரைவார்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லும் இடங்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வரட்டும்.